டன்மோர் உட்காரவில்லை

அன்று பகல் பன்னிரண்டு அடித்தால் சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்துவிடும். நிறைவேறாத மசோதாக்கள் அதோடு செத்துப்போகும். எதிர்வரிசை உறுப்பினர் கர்னல் வேதர்ஸ்பியின் மசோதாவும் அப்படிச் சாக வேண்டும் என்றுதான் ஹெசக்கையா டன்மோர் காலையிலிருந்து நின்றபடி பேசிக்கொண்டிருந்தார். விடுதலை பெற்ற கறுப்பர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மாநிலம் தரும் பணத்தை நிறுத்தும் மசோதா அது. பேசுகிறவர் உட்காராதவரை வாக்கெடுப்பு கிடையாது என்பது சபை விதி.

டன்மோர் வண்டிச்சக்கரம் செய்கிறவர். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் அடிமை. அவர் தொகுதி ஜனங்கள் பருத்திக்காட்டு வேலை முடித்துவந்து, ஆளுக்கொரு பலகை சுமந்து கட்டிய பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் சுவர் முடிந்திருந்தது. இன்னும் கூரைக்கு வரவில்லை.

பன்னிரண்டு நெருங்கியதும் கர்னல் வாயில்காப்போனுக்குத் தலையசைத்தார். அவன் ஏணி வைத்து ஏறி, சுவர்க் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்தினான். கடைசி நாளில் வேலை பாக்கியிருந்தால் இப்படிச் செய்வது அங்கே வழக்கம். முள் நகராதவரை நேரம் ஆகவில்லை என்றே கணக்கு.

"இனிமே பன்னெண்டே அடிக்காது, ஹெசக்கையா. உக்காரு" என்றார் கர்னல்.

"உறுப்பினர் டன்மோர்னு சொல்லுங்க. நான் உங்களைப் பேர் சொல்லியா கூப்பிடறேன்?"

பக்கத்து இருக்கையிலிருந்த கட்சிக்காரர் கேலப் ரூஸ் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, கால் வீங்கிப்போச்சு. கடியாரத்தையே கட்டிப்போட்டுட்டானுங்க. இனி என்னத்தப் பேசி என்ன?"

"கடியாரத்தைத்தானே கட்டுனானுங்க. அவனுங்க வயித்தக் கட்ட முடியுமான்னு பாப்போம்" என்று முணுமுணுத்துவிட்டு, டன்மோர் கூரைப் பலகைக்கு வந்தார்.

வெளியே மரநிழல்கள் நீண்டன. கோழி வறுக்கும் வாசனை வந்ததும் எதிர்வரிசையில் இருவர் எழுந்து போனார்கள், திரும்பவில்லை. துறையில் நீராவிப்படகு ஊதியது. ஆற்றோரத் தோட்ட முதலாளிகளான உறுப்பினர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கர்னல் ஒருவரின் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்.

"விதைப்பு கிடக்கு, கர்னல். இந்தப் படகை விட்டா அடுத்த வாரந்தான். கடிகாரம்தான் ஓடலயே, நீங்க மெதுவா முடிச்சுட்டு வாங்க."

டன்மோர் குனிந்து, "கேலப், இப்ப நீயும் நம்மாளுங்களக் கூட்டிக்கிட்டுச் சாப்பிடப் போ" என்றார். அப்போதுதான் கேலப்புக்கு விஷயம் பிடிபட்டது. சிரிப்பை மறைத்துக்கொண்டு நடந்தார்.

"சபாநாயகர் அவர்களே, தலையை எண்ணச் சொல்லுங்க."

எண்ணினார்கள். பாதிப் பேர்கூட இல்லை. பாதி இல்லாமல் சபை எதையும் நிறைவேற்ற முடியாது. போனவர்களைப் பிடித்துவர ஆளனுப்பலாம் என்றார் கர்னல். படகு ஆற்று வளைவைத் தாண்டியிருக்கும் என்றான் வாயில்காப்போன். சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். தொடர் முடிந்தது.

கர்னல் டன்மோரின் மேசைக்கு அருகே வந்தார். "அடுத்த வருஷமும் இந்த மசோதா வரும். நீ வரமாட்ட. ஊருக்குப் போற வழியில யார் யார் நிப்பாங்கன்னு தெரியுமில்ல?"

"நிக்கட்டும். எனக்கும் நிக்கத் தெரியும்னு இன்னைக்குப் பாத்தீங்கல்ல."

பிறகு நாற்காலியை இழுத்து, கர்னல் நிற்கும்போதே, அவர் எதிரில் டன்மோர் உட்கார்ந்தார்.