லிட்டருக்குப் பதினெட்டு புள்ளி நாலு

பானுமதி பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து ஊதினாள். சிவப்பு முள் இருநூற்று முப்பதில் போய் நின்றது. மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் அந்த எண்ணை எழுதினாள்.

குழாயைக் கொடுத்த புதுச்சேரி டாக்டர் கணக்கைத் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தினமும் காலையில் ஊத வேண்டும். இருநூறுக்கு மேல் நின்றால் மாத்திரையோடு போய்விடும். நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கினால் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பானுமதிக்கு நாற்பத்து நான்கு வயது. சொந்தப் பட்டறையில் பதினெட்டு வருடம், பொம்மைக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் பொடி கலந்த நெஞ்சு அது. பட்டறைக்குள் அவள் கால் வைக்காமல் ஒரு வருடம் ஆகியிருந்தது.

கணவர் ராஜமாணிக்கம் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அகல்விளக்கும் பொம்மையும் சுடுகிறவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போகத்தான் கார் வாங்கியதாகச் சொல்வார். அது பொய்யில்லை. இரண்டு வருடம் ஓடிய டீசல் கார். வாங்கிய அன்று பானுமதி பட்டறையிலிருந்து ஒரு வாத்து பொம்மையை வரவழைத்துப் பின்சீட்டுக்கு மேலே, கண்ணாடி ஓரத்தில் வைத்தாள். ஒரு தடவை மட்டும் சுட்டு, கிளேஸ் ஏற்றாமல் விட்ட வெள்ளை வாத்து. அலகு லேசாக உடைந்திருந்ததால் விலைக்குப் போகவில்லை.

கார் லிட்டருக்குப் பதினேழு கொடுக்கும் என்றுதான் விற்றவர் சொன்னார். 2008 ஐப்பசியில் அது பதின்மூன்றுக்கு வந்துவிட்டது. ராஜமாணிக்கத்துக்குத் தூக்கம் வரவில்லை. சூளையில் எண்ணெய் வீணாகாமல் எரிப்பதில் பேட்டையில் பெயரெடுத்தவர் அவர். ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் டோமினிக்கின் ஷெட்டுக்கு வண்டியை ஓட்டிப் போனார்.

டோமினிக் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு தகர உருண்டையைக் கழற்றி, வெட்டிப் பிளந்து காட்டினான். உள்ளே தேன்கூடு போல் பொடிப்பொடிக் கண்கள். எல்லாம் கரியால் அடைத்திருந்தன. ராஜமாணிக்கம் ஒரு துண்டை எடுத்து நகத்தால் சுரண்டினார்.

"அடேய், இது நம்ம சரக்குடா! செராமிக்கு!"

"ஆமாண்ணே. பொகைய இதான் வடிகட்டுது. அடச்சிக்கினா எஞ்சின் மூச்சு வாங்கும், டீசலக் குடிக்கும். புதுசு போடணும்னா சென்னையிலேருந்துதான் வரணும்."

"புதுசு எதுக்கு? மூக்குல துணியக் கட்டிக்கினு ஓடச் சொன்னா எவன் ஓடுவான்? தூக்கிக் கடாசு."

பட்டறைப் பெண்கள் மூக்குக்குத் துணி கேட்டபோதும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார். துணி கட்டினால் கை ஓடாது என்று.

மாதம் ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து நெய்வேலிக்கு வரும் ஒருவன், ஷெட்டுக்கு வந்து லேப்டாப்பை மாட்டி எஞ்சினின் புரோகிராமை மாற்றிக் கொடுத்தான். இனி வடிகட்டி இல்லையென்று எஞ்சின் முனகாது, டீசலும் அளவாகப் போகும் என்றான். வடிகட்டி இருந்த இடத்தில் டோமினிக் நேராக ஒரு பைப்பை வைத்தான். பழைய பைப்பும் புதுப் பைப்பும் சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி நின்றது.

"வெல்டரு சேத்தியாத்தோப்பு போயிருக்கான்ணே. நாளன்னிக்கு வருவான். அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும்டா."

ராஜமாணிக்கம் பட்டறைக்குப் போய் ஒரு வாளியோடு திரும்பினார். சூளைக் கதவைப் பூசி மூடுகிற பயர் கிளே. தானே வண்டிக்கு அடியில் படுத்து, இடைவெளியைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்கு அப்பினார். ஈரக் கையால் வழித்து விட்டார். பூச்சு அழகாக இருந்தது.

"ஆயிரத்து எரநூறு டிகிரிக்குத் தாங்குற மண்ணு. ஒன் பைப்புக்குத் தாங்காதா?"

"சூட்டுக்குத் தாங்கும்ணே. சூளை நின்ன எடத்துல நிக்குது. இது வடலூர் ரோட்டுல குதிக்குமே."

"போடா, எனக்கு மண்ணு சொல்லித் தர்ற."

"நாளன்னிக்கு மறக்காம வந்துடுங்க. வெல்டிங் வெச்சிரலாம்."

அவர் வரவில்லை. அடுத்த முறை டேங்கை நிரப்பி, வண்டியைக் குலுக்கி, மறுபடி வாய்வரை நிரப்பிக் கணக்குப் பார்த்தபோது பதினெட்டு புள்ளி நாலு வந்ததுதான் காரணம். பெட்ரோல் பங்கிலேயே இரண்டு பேரிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் பேட்டை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. டீக்கடையில் பார்ப்பவர்கள் வணக்கத்துக்குப் பதிலாக, "மைலேஜ் எவ்ளோண்ணே?" என்று கேட்டார்கள். அவரும் சலிக்காமல் சொன்னார்.

புதுச்சேரிக்குப் போக வர நூற்றெழுபத்தைந்து கிலோமீட்டர். பானுமதி பின்சீட்டில் சாய்ந்து படுத்தபடி வருவாள். ஏசி போட்டால் மைலேஜ் போய்விடும். கண்ணாடியை இறக்கினாலும் போய்விடும்.

"ஏங்க, கண்ணாடிய ஒரு வெரக்கட தெறந்துக்கறேன். நெஞ்ச அடைக்குது."

"காத்து புடிச்சா வண்டி இழுக்கும் பானு. பனி வேற. மப்ளர இழுத்து மூடிக்க."

வண்டிக்குள் எண்ணெய் எரிந்த வாடை இருக்கத்தான் செய்தது. இருபத்தைந்து வருடமாக அவர்களுடைய துணியிலும் தலையணையிலும் இருக்கிற வாடை அது. இருவருக்கும் அது வாடையாகவே படவில்லை.

காலண்டரில் எண்கள் இறங்கின. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாள் நூற்றுத் தொண்ணூறு. பத்து நாளில் மெல்ல ஏறி இருநூற்றுப் பத்து. மறுபடி போய் வந்ததும் நூற்று எழுபத்தைந்து.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாதாங்க எனக்கு இருமல் கூடுது" என்றாள் ஒருநாள்.

"அலைச்சல்."

"உக்காந்துகினு போறதுல என்ன அலைச்சல்?"

"அப்ப டாக்டர மாத்திப் பாக்கலாமா?" என்றார் அவர். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மார்கழியில் ஒரு முறை சூளை எரிந்துகொண்டிருந்தது. எரிகிற சூளையை விட்டு அவர் நகரமாட்டார். பட்டறையில் வேலை பார்க்கும் அம்சவல்லியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பானுமதி பஸ்ஸில் போய் வந்தாள். கூட்டம், தூசி, கடலூரில் இறங்கி வேறு பஸ். மறுநாள் காலை முள் இருநூற்றுப் பதினைந்தில் நின்றது. டாக்டரும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தார்.

"நான் பஸ்ஸுலயே போயிட்டு வரேங்க. ஜன்னலோரம் எடம் கெடச்சா நல்லாதான் இருக்குது."

ராஜமாணிக்கத்துக்கு அது பிடிக்கவில்லை. முந்தின நாள் டீக்கடையில் பக்கத்துப் பட்டறை சுப்புராயன் எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார். "என்ன ராஜமாணிக்கம், காரு பதினெட்டு குடுக்குதுன்ன. பொண்டாட்டிய பஸ்ஸுல ஏத்தி வுட்டா இன்னும் கூடக் குடுக்கும்போல?" கடையே சிரித்தது.

"கார வெச்சிக்கினு நீ பஸ்ஸுல தொங்கணுமா? ஊரு என்னத் துப்பும். பேசாம வா" என்றார்.

தை மாதம் இரண்டு முறை காரில் போனார்கள். இரண்டாவது முறை டாக்டர் முன்னால் அவள் ஊதியபோது முள் நூற்று நாற்பதுக்கு மேல் ஏறவில்லை. மூன்று தடவை ஊதச் சொன்னார். மூன்றாவது தடவை அதற்கும் கீழே நின்றது.

"வீட்ல வெறகு அடுப்பா?"

"கேஸுங்க."

"பட்டறைக்குப் போறாங்களா?"

"இல்லீங்க. ஒரு வருஷமாச்சு."

"எங்கியோ புகை படுது. நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சிலிண்டருக்கு எழுதினார்.

வரும் வழி முழுக்க ராஜமாணிக்கம் யோசித்தார். பக்கத்துப் பட்டறைப் புகை, ஊதுவத்தி, தெருவில் எரிக்கும் குப்பை எல்லாம் நினைவுக்கு வந்தன. கண்ணாடிகள் நான்கும் மூடியிருந்தன.

சிலிண்டரைக் கடலூரில்தான் நிரப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் தனியாகப் போய், பின்சீட்டில் குறுக்காகக் கிடத்தி, கயிறு போட்டுக் கட்டினார். முடிச்சை இழுத்தபோது முழங்கை பட்டு, கண்ணாடி ஓரத்து வாத்து சீட்டில் விழுந்தது. வயிறு மேலாகக் கிடந்தது.

வயிறு வெள்ளையாக இருந்தது.

அவர் அதைப் புரட்டினார். முதுகு, தலை, உடைந்த அலகு எல்லாம் சாம்பல் கறுப்பு. கட்டைவிரலால் தேய்த்தார், போகவில்லை. வேட்டி முனையை நனைத்துத் தேய்த்தும் போகவில்லை. கிளேஸ் ஏற்றாத சுட்ட மண் எதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கறுப்பு எண்ணெய்க் கரி என்றும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதமாக அந்த வாத்துக்குக் கீழேதான் பானுமதி தலை வைத்துப் படுத்து வந்தாள்.

நேராக டோமினிக்கின் ஷெட்டுக்குப் போனார். டோமினிக் வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தான். பயர் கிளேவில் பாதி உதிர்ந்து போயிருந்தது. மிச்சம் நாலாக வெடித்து, வெடிப்பு ஒவ்வொன்றிலும் கரி வழிந்திருந்தது. அதற்கு நேர் மேலே, காரின் அடித்தட்டு ஓட்டையில் இருக்க வேண்டிய ரப்பர் அடைப்பான் இல்லை. டிக்கியைச் சுற்றியிருந்த ரப்பரும் காய்ந்து பிளந்திருந்தது.

"வெல்டிங் வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்ணே. வெளியில எங்கயாவது."

ராஜமாணிக்கம் மிச்சமிருந்த பூச்சில் ஒரு துண்டைப் பெயர்த்தார். கையோடு வந்தது.

"சொன்னேனேண்ணே. நாளன்னிக்கு வாங்கன்னு சொன்னேனே."

"இப்ப வையி."

வெல்டர் பக்கத்திலேயே இருந்தான். இருபது நிமிட வேலை. சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி ஏற்றினார்கள்.

வீட்டில் பானுமதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சிலிண்டரைத் தலைமாட்டில் நிறுத்தி, கடைக்காரன் சொல்லிக் கொடுத்தபடி ராஜமாணிக்கம் குழாயை மாட்டினார். சட்டைப் பையில் வாத்து இருந்தது. அதை மறைத்துவிட முடியும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தார். ஆனால் பை புடைத்துக்கொண்டு நின்றது.

"என்னங்க பையில?"

எடுத்துக் கொடுத்தார். அவள் முதலில் முதுகைப் பார்த்தாள். பிறகு கவிழ்த்து வயிற்றைப் பார்த்தாள். பதினெட்டு வருடம் இந்தப் பொருளைக் கையில் வைத்திருந்தவள். விரலை அதன் முதுகில் ஒருமுறை ஓட்டி, விரல் நுனியைப் பார்த்தாள்.

"காரு உள்ளயேதான இருந்துச்சு இது?"

"ம்."

"எவ்ளோ நாளா பொக வருது?"

"ஐப்பசியிலேருந்து."

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.

"இன்னிக்கு மைலேஜ் எவ்ளோங்க வந்துச்சு?"

"பானு..."

"சொல்லுங்க. எல்லார்கிட்டயும்தான சொல்றீங்க."

"பதினெட்டு புள்ளி நாலு."

"நல்லா குடுக்குது" என்றாள் அவள். இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு வாத்தை அவர் கையில் திருப்பி வைத்தாள். "இதச் சூளையில போடுங்க. கரியெல்லாம் எரிஞ்சி வெளுத்துரும்."

வெள்ளிக்கிழமை அடுக்கிய சூளையில், கதவோரம் அகல்விளக்குகளுக்கு நடுவே அவர் வாத்தை வைத்தார். கதவை மூடி, பயர் கிளேவால் பூசி வழித்து விட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரித்தபோது அது கார் வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே வெளுத்திருந்தது. ஒரு புள்ளி இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. உடைந்த விளக்குகளைக் கொட்டும் குவியலில் அதைப் போட்டுவிட்டு, காலி சிலிண்டரை ஏற்றிக்கொண்டு கடலூருக்குக் கிளம்பினார். கண்ணாடிகள் நான்கையும் கீழே இறக்கியிருந்தார்.