கைநீட்டியின் நான்கு அங்குலம்

1

இந்தக் கதையை ஒரு குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. தங்கையையும் அவளுடைய ஆறு வயது மகளையும் கேளிக்கைப் பூங்காவின் படகுச் சவாரி வரிசையில் நிறுத்திவிட்டுக் கழிப்பறை தேடிப் போனவள், ஓர் அம்புக்குறியை நம்பித் தவறான கதவைத் திறந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நிலா, எரிகல், பிளாஸ்டிக் நட்சத்திரங்கள். அந்தப் பக்கம் ஈரச் சிமென்ட் தரை, சுருட்டி வைத்த ஹோஸ் பைப், துருவேறிய குப்பைத் தொட்டி. தொட்டியில் மேலாக ஒரு கை கிடந்தது. பிளைவுட்டில் வெட்டிய கை. சரியாகச் சொன்னால் பாதி உள்ளங்கையும் விரல்களும். நான்கு அங்குலம் இருக்கும். ரம்பம் போன இடம் வெளுப்பாக, புதிதாக இருந்தது.

பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து ஒரு பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. சட்டைப்பையில் ஸ்பேனர். மணிக்கட்டு வரை கழுவியிருந்தார், அதற்குமேல் கிரீஸ்.

"என்னங்க இது?" என்றேன்.

"கைநீட்டியோட கை."

நான் விழித்ததைப் பார்த்து, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார். "சவாரியத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு மரப் பொம்மைய ரெண்டு கையையும் விரிச்சு நீட்டிப் படகுல உக்கார வெச்சு அனுப்புவோம். எதுலயும் இடிக்காம வந்துட்டா, மனுசங்க போகலாம்."

அவ்வளவுதான் சொன்னார். மீதி முழுக்க நான் இட்டுக்கட்டியது. (இன்னொரு வாக்கியமும் சொன்னார். அது கதையின் ஓட்டத்துக்கு இடிக்கிறது என்பதால் இப்போதைக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.)

2

வாளிமேல் இருந்தவருக்குக் கதையில் ஃபிட்டர் அக்கா என்று பெயர் வைத்தேன். முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பத்தொன்பது வருடங்களாகத் தன் பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்ட நீர்யானையின் தலையைக் கழற்றியபோது, ஃபிட்டர் அக்காவின் கண்கள்"

இதோடு நிறுத்திவிட்டேன். ஒரு பொம்மையின் இடுப்பு பேரிங்கை முப்பத்தெட்டு முறை மாற்றியவருக்கு அதன்மேல் பாசம் இருக்கும் என்று நம்புவது, பேரிங் மாற்றாதவர்களுக்கு மட்டுமே சாத்தியம். நான் அவரை அழவைக்க முயன்றபோது என் காகிதத்திலிருந்தே அவர் சொன்னது:

"அந்த நீர்யானையா? சனியன். தொலஞ்சுதேன்னு இருக்கு."

சரி. அழுகை வேண்டாம். விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் படகுச் சவாரி, சமையல்கார நீர்யானையைப் பற்றிய ஓர் அனிமேஷன் படத்துக்காகக் கட்டப்பட்டது. படகு இருட்டுக் கால்வாயில் போகும். மூன்றாவது வளைவில் நீர்யானை பெரிய அண்டாவைக் கிண்டும். அந்தப் படத்தை இப்போது யாருக்கும் நினைவில்லை. விண்வெளிக்குப் போகும் நரியைப் பற்றி ஒரு படம் வரப்போகிறது. அதனால் நீர்யானை இனி நரி; அண்டா இனி விண்கலம். சுவரில் வெங்காயம் வரைந்திருந்த இடங்களில் வட்டத்தை அப்படியே விட்டுக் கிரகம் என்று வண்ணம் அடித்தார்கள். உள்ளே இருக்கும் இரும்பு எலும்புக்கூட்டை யாரும் தொடவில்லை. தோலை உரித்துப் புதுத் தோல் மாட்டுவதற்கு 'தீம் மாற்றம்' என்று பெயர். அதற்கென்று ஒரு துறை, துறைக்கென்று ஒரே மாதிரி டீ-சர்ட்.

நான் இளக்காரமாகப் பேசுகிறேன் என்று தோன்றினால், இதையும் கேட்டுவிடுங்கள். இந்தக் கதையின் எலும்புக்கூடும் பழையது. சில வருடங்களுக்கு முன் ஒரு பாலத்தைச் சோதிக்கும் பொறியாளரைப் பற்றி எழுதினேன். நேர்மையானவர், மழை, கையெழுத்து எதிர்பார்க்கும் ஒரு காகிதம். எந்தப் பத்திரிகையும் எடுக்கவில்லை. அவருடைய மீசையைக் கழற்றிவிட்டு ஃபிட்டர் அக்காவின் தலையை மாட்டியிருக்கிறேன். எங்காவது பாலம் தட்டுப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

தீம் மாற்றத் துறையில் ஒரு வடிவமைப்பாளர் வேண்டும். அவரை ஃபிட்டர் அக்காவின் சொந்தத் தம்பியாக்கினேன். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அக்காதான். (வசதிக்காகச் செய்தது. அந்நியர்கள் சண்டை போட்டால் மரியாதையாகப் பேசித் தொலைப்பார்கள்.)

மேனேஜருக்குப் பூங்காவில் 'அனுபவம்' என்று பட்டப்பெயர். சவாரி என்று யாராவது சொன்னால் போதும், "இது சவாரி இல்ல, அனுபவம்" என்று திருத்துவார். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று புகார் போனபோதும் அதையே சொன்னதாகக் கேள்வி.

நரியை மாட்டிய அன்று மூவரும் கால்வாய் ஓரம் நின்று பார்த்தார்கள்.

"சார், நரி எதுக்குக் கிண்டுது?" என்றார் அக்கா.

"எங்க கிண்டுது?"

"கையப் பாருங்க. நீர்யானை அண்டா கிண்டுன அதே சுத்து. கரண்டிய வேற விட்டு வெச்சிருக்கீங்க."

"கரண்டி இல்லக்கா, லீவர்," என்றான் தம்பி. "விண்கலம் ஓட்டுது."

"லீவர்ல எதுக்குடா ஓட்டை ஓட்டையா இருக்கு?"

மேனேஜர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எனக்கு ஒரு தேடல் தெரியுது," என்றார்.*

* தேடல் என்ற சொல்லை நானும் மதிப்புரைகளில் பயன்படுத்தியிருக்கிறேன். கதாபாத்திரம் எதைச் செய்கிறது என்று எழுதியவருக்கே தெரியாதபோது கைகொடுக்கும்.

கிண்டியதோடு போயிருந்தால் கதை இல்லை. நரிக்கு வால் உண்டு. நீர்யானைக்கு இருந்தது சுண்டுவிரல் அளவு. இதுவோ ஆள் உயரம். தொங்கிப்போகாமல் இருக்க உள்ளே இரும்புக் கம்பி, மேலே கையை இழுக்கும் பொசுபொசு ரோமம். வாலைப் படக் கம்பெனியே செய்து அனுப்பியது. ஒப்பந்தப்படி அதில் ஒரு முடியைக்கூட வெட்டக் கூடாது. கரண்டி ஒரு சுற்றுச் சுற்றினால் இடுப்பு ஒரு முறை திரும்பும். இடுப்பு திரும்பினால் வால் கால்வாய்க்கு மேல் வீசிவிட்டுப் போகும். பழைய படத்தின் சமையல் புதிய படத்தின் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இதை நான் கற்பனை செய்ததற்காகப் பெருமைப்படுகிறேன். இப்படி ஒன்று எங்கேயாவது நடந்திருக்கும் என்பதால் அதிகம் பெருமைப்படவும் முடியவில்லை.

4

திறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருக்கையில், காலை ஏழு மணிக்குக் கைநீட்டியைப் படகின் முன் இருக்கையில் கட்டி அனுப்பினார் அக்கா. மழை பெய்து ஆற்றில் வெள்ளம் (இது பாலக் கதை). மூன்றாவது வளைவில் 'டக்' என்று கேட்டது. படகு திரும்பி வந்தபோது கைநீட்டியின் வலது கை தோளோடு பின்னுக்கு மடங்கியிருந்தது.

சோதனைத் தாளில் 'இடித்தது' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கைநீட்டி ஒரு கீறலும் இல்லாமல் வந்தது. அக்கா கைவிளக்கை அடித்துப் பார்த்தார். வலது கை உள்ளங்கையின் பாதியில் முடிந்திருந்தது. வெட்டிய முனையில் வெள்ளிப் பெயின்ட் அடித்து, விண்வெளிக் கையுறைபோல இரண்டு கோடும் போட்டிருந்தார்கள்.

"யாருடா வெட்டுனது?"

"வெட்டலக்கா," என்றான் தம்பி. "சரிபண்ணோம்."

"நரிய ரெண்டு அடி தள்ளி வெக்க என்ன கேடு?"

"அடியில கான்கிரீட். உடச்சுப் போட்டா ரெண்டு வாரம் ஆகும். படம் வெள்ளிக்கிழமை வருது, நரியும் வெள்ளிக்கிழமை வரணும்."

"அப்ப வால வெட்டு."

"ஒப்பந்தம்க்கா!"

"கைக்கு ஒப்பந்தம் இல்ல?"

"மரக்கைதானே? இவ்ளோ நீளக் கை எந்த மனுசனுக்கு இருக்கு சொல்லு. அதோட, 'கையை வெளியே நீட்டாதீர்கள்'னு போர்டு வெச்சிருக்கோம்."

"தொடு தொடுன்னு கெஞ்சற மாதிரி வால வெச்சுட்டு, தொடாதேன்னு போர்டு வெக்கறியா? போர்டப் படிக்கறவன்தான் உன் சவாரிக்கு வர்றானா? பாதிப் பேருக்குப் பல்லே முளைக்கல."

மேனேஜர் தாளை நீட்டினார். அதில் ஒரே ஒரு வரி: 'கைநீட்டி எதிலும் இடிக்கவில்லை.' கீழே ஃபிட்டரின் கையெழுத்துக்கு இடம்.

"பாருங்க, ஒரு வார்த்தை பொய் இல்ல," என்றார். உண்மைதான். எதிலும் இடிக்கவில்லை.

5

இங்கே அக்கா ஓர் உரை நிகழ்த்துவதாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். மனசாட்சி, குழந்தைகள், முதலாளித்துவம். படித்துப் பார்த்தேன். பாலப் பொறியாளர் பேசுவதுபோலவே இருந்தது. கிழித்துவிட்டேன். அக்கா சொன்னது ஒரு சொல்.

"உக்காரு."

"எங்க?"

"படகுலடா. நீளக் கையா குட்டைக் கையான்னு பாத்துருவோம். வலது கைய நீட்டிக்கிட்டே ஒரு சுத்து போயிட்டு வா. வந்து இறங்குனதும் கையெழுத்துப் போடறேன்."

தம்பி மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் போனைப் பார்த்தார். தம்பி ஏறி உட்கார்ந்து, கம்பியை மடிமேல் இறக்கிக்கொண்டு, கையை நன்றாக நீட்டினான். படகு நகர்ந்தது. அக்கா கால்வாயோரப் பராமரிப்பு வழியில் கூடவே நடந்தார். முதல் வளைவு, நீட்டிய கை. இரண்டாவது வளைவு, நீட்டிய கை. முழங்கை மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்தது. மூன்றாவது வளைவில் நரி கரண்டியைச் சுற்றியது. தம்பி இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

வால் காற்றை வீசிவிட்டுப் போனது.

"என்னடா ஆச்சு?"

"குளிருதுக்கா."

படகு இறங்குமிடத்துக்கு வந்து நின்றது. கம்பியைத் தூக்கிக்கொண்டே அவன் மெல்லச் சொன்னான். "நீ போடலைன்னா என்னத்தான் தூக்குவாங்க. இங்க கொண்டு வந்து சேத்துவிட்டதே நீதான்."

"அதத்தான் நானும் நெனச்சுட்டிருக்கேன்."

"அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ."

"சொல்றேன். உன் பையனுக்கு என்ன சொல்லுவ? வெள்ளிக்கிழம மொதப் படகுல ஏத்தறேன்னு சொல்லி வெச்சிருக்கியே, எந்தப் பக்கம் உக்கார வெக்கப் போற?"

 தம்பியிடமிருந்து ஒரு நல்ல பதிலுக்காக மூன்று நாள் காத்திருந்தேன். அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று. அக்கா கையெழுத்துப் போட மறுக்கிறார். சவாரி தள்ளிப்போகிறது, கான்கிரீட்டை உடைக்கிறார்கள், தம்பி திருந்துகிறான். பாலக் கதையிலும் இதுதான் முடிவு. அதைத் திருப்பி அனுப்பிய பத்திரிகைகள்மேல் இன்றுவரை கோபமாக இருந்தேன், இப்போது இல்லை.

இன்னொன்று. போட்டுவிடுகிறார். திறந்த இரண்டாம் நாள் ஒரு குழந்தை வாலைத் தொட— இதை எழுத வேண்டுமென்றால் நான் ஒரு குழந்தையின் விரல்களை உடைக்க வேண்டும், உங்கள் தொண்டை அடைக்க வேண்டும் என்பதற்காக. வாலுக்காகக் கையை வெட்டியவர்களை நான்கு பக்கமாக ஏளனம் செய்துவிட்டு இதையும் செய்தால், எனக்கும் ஒரே மாதிரி டீ-சர்ட் கொடுத்துவிடலாம்.

மூன்றாவதுதான் நடந்திருக்கும் என்று படுகிறது. தாளில் கையெழுத்துப் போடுகிறார். அதற்கு முன் யாரும் பார்க்காத நேரத்தில் நரியின் இடுப்பில் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார். நரி கிண்டுவதில்லை; திரும்புவதில்லை; வால் சுவரோரம் சும்மா நிற்கிறது. "தியானம் பண்ணுது. இதுதான் அனுபவம்," என்கிறார் மேனேஜர். தம்பி வேலையில் இருக்கிறான். எல்லாரும் நலம், நரி ஏன் ஆடவில்லை என்று படக் கம்பெனி கேட்கும்வரை. யாரோ ஒருவர் கடமை உணர்வோடு புது போல்ட் மாட்டும்வரை.

மூன்று முடிவுகளிலும் அந்த நான்கு அங்குலம் குப்பைத் தொட்டியில்தான் கிடக்கும். அதனால் நான் பார்த்தது எதையும் நிரூபிக்கவில்லை.

7

வெட்டிய வாக்கியத்தை ஒட்டவைக்கிறேன்.

வாளிமேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம், நிஜமான அந்தப் பெண்ணிடம், நான் கேட்டேன்: "இப்ப இந்தச் சவாரில போகலாமாங்க?"

அவர் டப்பாவை மூடினார். என்னைப் பார்த்தார். "கைய உள்ள வெச்சுக்கோங்க," என்றார்.

எல்லாப் போர்டிலும் எழுதியிருப்பதைத்தான் சொன்னார். வழக்கமாகச் சொல்வதா, எனக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்; பதில் வந்தால் வரிசையிலிருந்து விலக வேண்டியிருக்கும். இரண்டு மணி நேரம் நின்ற வரிசை. தாளில் கையெழுத்துப் போடுவது அப்படியொன்றும் கடினமான வேலை இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

"எங்க போய்த் தொலஞ்ச? நம்ம முறை வந்துருச்சு," என்றாள் தங்கை.

"பெரியம்மா, நரிப் பக்கம் நான்தான்!" என்று மகள் எனக்கு முன்னால் ஏறி வலது ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில். கம்பி மடிமேல் இறங்கியது.

இரண்டு வளைவுகள் தாண்டிவிட்டோம். வெங்காயக் கிரகங்கள் தெரிகின்றன. அவள் இடது கை என் கைக்குள் இருக்கிறது. வலது கை எங்கே என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நரியின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.