சர்க்கரை மாத்திரை

கிரேசுக்கு வலது முழங்கால் வீங்க ஆரம்பித்து ரெண்டு வருஷம் ஆகிறது. அப்புறம் குதிகால், அதற்கப்புறம் மணிக்கட்டு. பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் கொதிக்கிற அண்டா பக்கத்திலேயே நிற்கிறவளுக்கு மூட்டு வலிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். அப்படிச் சொல்வதில் முந்திக்கொண்டவன் அவள் புருஷன் மணிவண்ணன். எண்ணெய் வாங்கிவந்து தினமும் தேய்த்துவிட்டான். வலி தாங்காத நாளில் ஊசி போடக் கூட்டிப்போனான். பெரியாஸ்பத்திரி என்று அவள் வாயெடுத்தால் மட்டும், அங்கே ரத்தத்தை உறிஞ்சிவிட்டு நாள் பூரா உட்காரவைப்பார்கள் என்று அடக்கிவிடுவான். இப்படியொரு ஆம்பளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்கணும் என்றார்கள் பட்டறைப் பெண்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

போன வாரம் காலை ஊன்றவே முடியவில்லை. அவனிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். இன்றைக்கு டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். ஹெச்.ஐ.வி. இருக்கிறது. அந்தக் கிருமியாலும் மூட்டு வீங்கும். தினம் ஒரு மாத்திரை தவறாமல் போட்டால் நல்லபடியாக வாழலாம், வீக்கமும் பெரும்பாலும் வடிந்துவிடும். வீட்டுக்காரரையும் கூட்டிவா என்றாள்.

கொடுத்த டப்பாவைக் கிரேஸ் அங்கேயே திறந்து பார்த்தாள். வெள்ளையாய், நீளமாய், அவளுக்கு நன்றாகத் தெரிந்த மாத்திரை. மணிவண்ணன் ராத்திரி சாப்பிட்டதும் முழுங்குவது. சர்க்கரைக்கு, வேலூரில் வாங்குகிறேன் என்பான். காலையில் டீயில் ரெண்டு கரண்டி சர்க்கரை அள்ளிப் போட்டுக்கொள்வான். அதற்காக எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்.

இனி ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. வீக்கத்துக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரியுமா, பிறகுதானா.

அவளோடு அதே பட்டறையில் வேலைபார்க்கிற மணிவண்ணன் மட்டும் அங்கே இருந்தான், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அரக்குச் சாயத்திலிருந்து எடுத்த பட்டுநூல் சிட்டத்தைப் பிழிய ரெண்டு ஆள் வேண்டும். ஆளுக்கொரு முனையில் தடியைச் செருகி எதிரெதிராக முறுக்கணும்.

"எங்க போய்ட்டு வர? புடி" என்றான்.

பிடித்தாள். முறுக்கினாள். மணிக்கட்டில் உயிர் போனது.

"உன் சர்க்கரை மாத்திரைய எனக்கும் குட்த்துட்டாங்கயா."

அவன் கை நின்றது.

"எப்பலேர்ந்து தெரியும் உனுக்கு?"

அவன் தடியைப் பார்த்தபடியே சொன்னான். "உன் காலு வீங்கறதுக்கு முன்னாடியே. சொன்னா வுட்டுட்டுப் போய்டுவியோன்னுதான்மா..."

"இன்னா நெனச்சிக்கினுயா எண்ணெ தேச்ச?"

கிரேஸ் தன் பக்கத்துத் தடியை விட்டாள். முறுக்கு உதறிப் பிரிந்து பட்டு சேற்றில் விழுந்தது. மணிவண்ணன் பதறிக் குனிந்தான், பட்டை எடுக்க. அவள் காலை இழுத்துக்கொண்டு, டப்பாவோடு தெருவில் இறங்கினாள்.