ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிற வீடு

"கதவைத் திறங்க மேடம்! மணி பன்னிரண்டுதானே ஆகுது, அதுக்குள்ள பூட்டிட்டீங்களே!"

"பன்னிரண்டா? ஒண்ணு அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக் குறட்டையே விட ஆரம்பிச்சிட்டார். ரொட்டி வேணும்னா மூணு மணிக்கு வாங்க."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க!"

"நேத்தும் நீங்க இதே நேரத்துக்குத்தானே வந்தீங்க!"

பிரான்ஸ் கடற்கரையில் இருக்கிற எங்கள் கெர்மாரெக் ஊர் பேக்கரி வாசலில் நடந்த இந்தச் சண்டையில் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பேக்கரி நடத்தும் அன்னிக் என்பவளுக்கு மணி ஒன்று. வெளியே நின்ற ஹிலரியின் வீட்டில் பன்னிரண்டுதான். இங்கிலாந்திலிருந்து வந்து கடற்கரையோரக் கடைசி வீட்டில் குடியேறிய அன்றே, மகளுக்குப் போன் பண்ண வசதியாக இருக்கட்டும் என்று அவள் கணவர் டெஸ்மண்ட் சுவர்க் கடிகாரத்தை அந்த ஊர் நேரத்திலேயே மாட்டினார். அது எங்கள் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். வீடு அதையே பிடித்துக்கொண்டது. பிறகு முள்ளைத் திருப்பிப் பார்த்தார்கள், கடிகாரத்தையே கழற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. தெருவில் மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் கூரையில் பெய்தது. மின்சாரக்காரர் வந்து பார்த்து, மீட்டரில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு முறை ஹிலரி தெருவையே ஆறரை மணிக்கு ஒயின் குடிக்க அழைத்தாள். மரியாதைக்குக் கால் மணி தாமதித்துப் போனோம். உள்ளே ஐந்தே முக்கால். தலையில் சுருள் ஊசிகளும் கையில் ஈரத்துணியுமாகக் கதவைத் திறந்தாள். நாங்கள் அவமானப்பட்டதாக நினைத்துத் திரும்பிவிட்டோம். நாங்கள் அழைத்து அவர்கள் எங்கள் வீடுகளுக்கு வந்தபோது, விருந்து முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். அதன்பின் பதினோரு வருஷம் அந்த வீட்டுக்குள் யாரும் போகவில்லை. மகளின் போன் வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று குறைந்து கிறிஸ்துமஸுக்கு ஒன்றாக நின்றது. ஹிலரிக்குப் பேச்சுத்துணை டெஸ்மண்ட் ஒருவர்தான்.

கடல் மட்டும் எங்கள் மணிக்கு வரும். டெஸ்மண்ட் சிப்பி பொறுக்கப் போகும்போதெல்லாம் வீட்டு மணியோடு விரல் விட்டு ஒன்று கூட்டிக்கொள்வார். ஒரு மார்ச் மாதம் கூட்ட மறந்துவிட்டார். தண்ணீர் பின்னாலிருந்து வந்து வளைத்தது. எங்கள் மணிக்குப் பதினொன்றுக்குக் கிளம்பியவரைப் பதினொன்றரைக்குப் பிணமாகக் கரை சேர்த்தோம். ஹிலரியிடம் சொல்ல அன்னிக் ஓடினாள். அந்த வீட்டில் மணி பத்தே முக்கால்தான், இன்னும் பதினொன்று ஆகவில்லை. டெஸ்மண்ட் நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அதைக் கழட்டுங்க ஐயா," என்றாள் அன்னிக்.

"சிப்பிக்குப் போகணுமேம்மா."

"போயிட்டு வந்தாச்சு. கீழே மணல்ல கிடக்கிறீங்க. போர்வை போத்தியிருக்கோம்."

டெஸ்மண்ட் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "பார்க்க ரொம்ப மோசமா இருக்கேனா?"

"சவரம் பண்ணிட்டுப் போயிருக்கலாம்."

ஹிலரி பூட்ஸை அவர் காலிலிருந்து உருவி அடுப்பில் போட்டாள். கதவைப் பூட்டினாள். ரப்பர் புகை நடுவே அன்னிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்காவது கொஞ்சம் உட்காருங்களேன்," என்றாள். அன்னிக் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். ஊர்வலம் ஒரு மணி நேரம் கழித்து, வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்ட டெஸ்மண்டின் ஜன்னலில் தெரிந்தபோது, பாதிரியார் வேகமாக நடக்கிறார் என்று அவரே குறை சொன்னாராம். ஊராட்சி அலுவலகம் இறப்பையும் பதிவு செய்தது, குடியிருப்போர் பட்டியலில் பெயரையும் அப்படியே விட்டுவைத்தது. அவரால் வாசல் தாண்ட முடியாது. ஒரு முறை ஒரு காலை வெளியே வைத்துப் பார்த்தார், செருப்பு நிறையக் கடல் தண்ணீர் வந்துவிட்டது. ஹிலரியும் அவரை விட்டு அதிக நேரம் வெளியே இருப்பதில்லை. நாங்கள் இப்போது ஒரு மணி நேரம் தாமதமாகப் போகப் பழகிவிட்டோம். ஆனாலும் பத்துப் பதினைந்து பேர் எத்தனை நாள்தான் பேசுவோம்? எல்லாக் கதையும் தீர்ந்துவிட்டது. அவருக்குக் கடிதம் என்றால் உயிர். இதை வாசிக்கிறவர்கள் கீழே இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் ஊர் மழை, மீன் விலை, எதுவானாலும் சரி. நான் தாளில் எழுதி அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.