வரிக் கடைசியில் ஓர் இடைவெளி

பூர்ணிமாவுக்கு முதலில் சந்தேகம் வந்தது கணினி மேல்தான். கூட வேலை செய்யும் தோழி அறிவுமதியின் மேல் சந்தேகப்பட இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு வெள்ளந்தி.

மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு மாடி அலுவலகம். பேசும் இயந்திரத்துக்குத் தமிழ் பழக்க, வீட்டில் பேசுகிற மாதிரி ஆளுக்கு ஆயிரம் வரி சொந்தமாக எழுதித் தர வேண்டும். ஆயிரம் நிறைந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. ஒரே வரி இருவர் கோப்பிலும் இருந்தால் பிந்திக் கொடுத்தவருடையது தள்ளுபடி. அந்த இரட்டை வரிகளைப் பிடிப்பதும் பூர்ணிமாவின் பொறுப்புதான்.

கோப்புகளைச் சேர்த்து அகர வரிசையில் அடுக்கினால் ஒரே மாதிரி வரிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். அப்புறம் தேடல் பெட்டியில் இதைப் போட வேண்டும்:

^(.+)\n\1$

ஒரு முழு வரி, அடுத்ததும் எழுத்துக்கு எழுத்து அதே வரி என்றால் பிடி என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை ஓட்டினாள். ஒன்றுமே சிக்கவில்லை. ஆனால் திரையில் ஜோடி ஜோடியாக வரிகள் பல்லை இளித்தன.

ஒரு ஜோடியில் கர்சரை வரிக் கடைசிக்குக் கொண்டுபோனாள். முதல் வரியில் முற்றுப்புள்ளியை ஒட்டி நின்றது. இரண்டாவதில் ஓர் இடம் தள்ளி நின்றது. அடுத்த ஜோடியிலும் அப்படியே.

“கடைசில ஒரு காலி எடம் இருந்தாக்கூட இது ஏமாந்துடும்டி” என்று போன மாதம் சாப்பிடும்போது சிரித்துச் சிரித்துச் சொன்னது அவளேதான். கேட்டவள் மதி ஒருத்திதான்.

\1-க்குப் பின்னால் ஓர் இடைவெளியும் நட்சத்திரக் குறியும் சேர்த்து, கடைசியில் காலி இடம் இருந்தாலும் பிடி என்று மாற்றி ஓட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு ஜோடி. இடைவெளி இருந்ததெல்லாம் மதியின் வரிகள். எழுத்துப்பிழை பார்த்துக் கொடு என்று புதன்கிழமை தன் கோப்பை அவளுக்கு அனுப்பியதும் பூர்ணிமாதான். மதி வியாழனே தன்னுடையதைக் கொடுத்துவிட்டாள். பூர்ணிமா கொடுத்தது வெள்ளி காலை.

மேலாளர் ஜானகிராமனிடம் போய்ச் சொன்னாள். அவர் தேதியைப் பார்த்தார்.

“மொதல்ல வந்தது அறிவுமதி ஃபைல்மா. ரூல்னா ரூல்தான்.”

“நான்தான சார் கண்டுபுடிச்சேன்? திருடுனவ வந்து சொல்லுவாளா?”

அவர் மதியைப் பார்த்தார். மதி தரையைப் பார்த்தாள். பூர்ணிமாவுக்கு ஐந்நூற்று எண்பத்தெட்டு வரி மிஞ்சியது. வேலை போயிற்று.

மாடிப்படியில் மதி பின்னாலேயே ஓடி வந்தாள்.

“நீ பேசாம இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் வேல கெடச்சிருக்கும் பூர்ணி. ஏன்டி போய்ச் சொன்ன?”

பூர்ணிமா படியிலேயே திரும்பி நின்றாள். கேட்க வந்தது வேறு. அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு வரி, ‘எம்மா, ஒன்ன கதிர்காமம் ஆஸ்பத்திரில தனியா விட்டுட்டு நான் டீ குடிக்கப் போயிருக்கக்கூடாது.’ அன்றைக்கு டீ குடிக்கக் கூட்டிப்போனதே மதிதான். திரும்புவதற்குள் அம்மா போய்விட்டாள்.

“எங்கம்மா வரிய எப்பிடிடி எடுக்க மனசு வந்துச்சு?”

மதி நிஜமாகவே விழித்தாள்.

“எந்த வரி? அதெல்லாம் யாரு படிச்சா? மொத்தமா அள்ளிப் போட்டேன்.”