தயாபரன் கீறாத முகம்

லிப்ட் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த படங்களை ரஜனி மீன் பையோடு நின்று முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு கடைசியிலிருந்து முதல்வரை பார்த்தாள். கட்டடமே அந்தச் சுவரில் ஏறியிருந்தது. ஐந்தாம் மாடி டியூசன் மாஸ்ரர் அபிஷனின் வாய் ஒரு புனலாகி, அதன் வழியே சமன்பாடுகள் பிள்ளைகளின் தலைக்குள் ஊற்றப்பட்டுக்கொண்டிருந்தன. நிரம்பி வழிந்தது காலி வீதிவரை ஓடி ஒரு பஸ்ஸை மறித்தது. இரண்டாம் மாடி ஐறீன் மிஸ்ஸின் காதுகள் யானைக் காதுகளாக வளர்ந்து எதிர் வீட்டு யன்னலுக்குள் நுழைந்திருந்தன. காவலாளி சுடலைமுத்து கதிரையில் உறங்கிய உறக்கத்தில் அவர் தலையில் காகம் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகள் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. மூன்றாம் மாடிப் பூனைக்குக்கூடத் தனிப் படம் கிடைத்திருந்தது.

ரஜனி இல்லை.

இத்தனைக்கும் கீறியது அவளுடைய புருஷன். வெள்ளவத்தையில் கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இந்தக் கட்டடத்தில், அரசாங்கத் திணைக்களமொன்றில் காலமெல்லாம் பாலங்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைந்து ஓய்வுபெற்ற தயாபரன், லிப்ட் பழுதாகி அந்தச் சுவர் சும்மா கிடந்ததைச் சாட்டாக வைத்து மறுபடி பென்சிலைக் கையிலெடுத்திருந்தார். லிப்ட் எப்போது பழுதானது என்பது சர்ச்சைக்குரிய விடயம். அது ஒருநாளும் ஓடியதில்லை, வீடு விற்கும்போது காட்டுவதற்காகச் சுவரில் ஒரு கதவைப் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று சொல்பவர்களும் உண்டு.

முதல் படத்தின் நாயகன் நிர்வாகக் குழுத் தலைவர் நபீஸ் ஹாஜியார். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியே அவருடைய வயிறு. பத்து விரல்களும் பத்துக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. கீழே எல்லா மாடிக்காரரும் வாளியோடு. அது ஒட்டப்பட்ட காலையில் அலுவலகம் போகிறவர்கள் அலுவலகத்தை மறந்தார்கள். பக்கத்துக் கட்டடத்திலிருந்தும் சனம் வந்தது. ஹாஜியார் படியிறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும், ரத்தம் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் எல்லோரும் சுவரோடு ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்கள்.

ஹாஜியார் நெடுநேரம் பார்த்தார். தன் வயிற்றைத் தடவினார். படத்து வயிற்றையும் தடவினார்.

"தயா அய்யா, இது எனக்கு வேணும். மகள் டோஹாவுல ஈக்கிறா, அவளுக்கு அனுப்பணும். வகுறு கொஞ்சம் கூடிட்டு. ஆனா மூஞ்சி நான்தான், அதுல பிழ சொல்ல ஏலா."

"ஹாஜியார், வயிறு குறைச்சுத்தான் கீறினனான். பேப்பர் காணாமப் போச்சு" என்றார் தயாபரன்.

அன்றிலிருந்து கட்டடத்தில் ஒரு புது வியாதி பரவிற்று. கீறப்பட்டவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறினார்கள். கீறப்படாதவர்கள் நாலாம் மாடிக்கு வட்டிலப்பமும் கொழுக்கட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தயாபரன் முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நின்றார்கள். அவருக்கோ பரமானந்தம். "லண்டனிலும் இப்பிடித்தான். கடைக் கண்ணாடிக்குப் பின்னால தன்ர முகம் தொங்காட்டி அந்தக் காலத்து மந்திரிமாருக்குப் பேதிக்குக் குடிச்சாலும் போகாதாம்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்.

இப்போது லிப்டடியில், வேலைக்குப் புறப்பட்ட ஆறாம் மாடி நிஷாந்தினி ரஜனிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வெள்ளந்திப் பிள்ளை. மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

"அன்ரி, நீங்கள் எங்க? உங்கட படத்தை அங்கிள் வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாரோ?"

"ஓம் பிள்ளை, உள்ளுக்கை இருக்கு" என்று சொல்லிவிட்டு ரஜனி படியேறினாள்.

ஒவ்வொரு மாடிக்கும் கோபம் ஒரு பாகை கூடிற்று. பையிலிருந்த விளைமீன் மூன்றாம் மாடி தாண்டும்போதே வெந்துவிடும் போலிருந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில், மூச்சு வாங்க நின்ற இடங்களிலெல்லாம், கொட்டாஞ்சேனை வந்து நின்றது.

கொட்டாஞ்சேனையில் சென் லூசியாஸ் தேவாலய மணியோசை கேட்கும் ஒழுங்கை ஒன்றில் அவர்கள் வீடு. அப்பா உருத்திரமூர்த்தி துறைமுகத்தில் பெரிய கிளாக்கர். முன்னறையை வாடகைக்கு எடுத்து வந்தவர்தான் தயாபரன். அப்போது தேகம் முழுவதுமே ஒரு பென்சில். ஒழுங்கை முனையில் இருந்த பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது விட்டுப்போன சாமான்களுக்குள், ஒரு ஆள் தூக்கமுடியாத பெரிய புத்தகம் ஒன்றை அவர் கண்டெடுத்தார். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில் இங்கிலாந்தில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வர்ணம் தீட்டிய கேலிப் படங்கள். ஒருபுறம் எலும்பும் மூக்குமாக ஒரு பிரதமர். மறுபுறம் தாடை தொப்புளைத் தொடும் எதிர்க்கட்சிக்காரர். கடன்காரர் வரிசையாய் நிற்க ஆட்டுக்கால் கடிக்கும் இளவரசன், அவன் பின்பக்கம் படத்தைவிட்டு வெளியே பிதுங்கியிருந்தது. கறையான் தின்றது போக மிஞ்சிய தாள்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி, நாளுக்கு ஒன்றாக, முன்னறை யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டார் தயாபரன்.

அந்த ஒழுங்கையில் அதற்கு முன் அப்படிக் கூட்டம் கூடியதில்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்கள் குடத்தை வழியவிட்டுவிட்டு வந்தார்கள். இங்கிலாந்துப் பிரதமருக்கு ஒழுங்கைக்குள்ளேயே ஆள் பிடித்துப் பெயர் வைத்தார்கள். அவர் சங்கக்கடை மனேஜர் என்று தீர்ப்பாயிற்று. ரஜனி கூட்டத்தோடு நிற்க முடியாது. எனவே கடைக்குப் போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை. வீட்டில் உப்பு முடியாத நாளிலும் உப்பு முடிந்தது. அந்த ஆண்டு அவர்கள் வீட்டில் சேர்ந்த உப்பில் ஒரு திமிங்கிலத்தைக் கருவாடு போட்டிருக்கலாம். தாளைக் கொழுவிவிட்டு யன்னலுக்குப் பின்னால் நிற்கும் அந்த ஒல்லி மனுஷன், கூட்டம் படத்தைப் பார்க்கும் நேரமெல்லாம் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் அறிவாள்.

பிறகு ஒரு நாள் தயாபரன் சொந்தமாகக் கீறிய முதல் படம் யன்னலில் தொங்கிற்று. அப்பா. அவருடைய மூக்கு துறைமுகத்தில் இறங்குதுறையாக நீண்டிருக்க, அதில் மூன்று கப்பல்கள் கட்டி நின்றன. அம்மா அறைக்குள் போய்ச் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தா. அப்பா ஒரு கிழமை பேசவில்லை. அடுத்த கிழமை முன்னறைக்குப் போய், "மூக்கு சரிதான் தம்பி. கப்பல்தான் ஒண்டு கூட" என்றார். கலியாணம் அந்தக் கப்பல் கணக்கிலேயே முடிவானது.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்தது. புத்தகம், மூக்கு, கலியாண அல்பம், பள்ளிக்கூடத்துக் குறூப் போட்டோ, எல்லாம். பள்ளிக்கூட மண்டபமொன்றில் அகதியாய்க் கிடந்து வெளியே வந்தபோது உடுத்த சேலை மட்டும் இருந்தது. அதைப் பற்றி இருவரும் அதிகம் கதைப்பதில்லை.

கதவைத் திறந்தபோது தயாபரன் மேசையில் இருந்தார். மேசையில் வெள்ளை விரிப்பு, வெறும் தாள், பென்சில்கள், தேத்தண்ணி. மொட்டைமாடிக் காகங்களின் தொழிற்சங்கக் கூட்டத்தை அடுத்துக் கீறப்போவதாகக் காலையில் சொல்லியிருந்தார்.

"பூனையையும் கீறியிருக்கிறியள்" என்றாள் ரஜனி. மீன் பை இன்னும் கையில்.

"பூனை ஆசைப்பட்டுக் கேட்டது."

"பகிடி விடாதேங்கோ. என்னை ஏன் கீறேல்லை?"

அவர் பென்சிலைச் சீவத் தொடங்கினார். ஏற்கெனவே ஊசியாய் இருந்த பென்சில்.

"கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து பாக்கிறன். என்ர அப்பா, அம்மா, மாமாமார், கந்தோர்ப் பெரியவர், புறோக்கர், டொக்டர், எல்லாரையும் கீறினீங்கள். நான் என்ன, சுவரோ? ஒருநாள் கீறுவியள், ஒருநாள் கீறுவியள் எண்டு இருந்தன். கேட்டுக் கீறுறதில என்ன இருக்கு எண்டு கேக்கேல்லை. இப்ப கேக்கிறன்."

"ரஜனி..."

"பொறுங்கோ, நான் முடிக்கேல்லை. போன கிழமை கனடாவில இருந்து மகள் கேக்கிறாள், அம்மா இருபது வயசில நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள் எண்டு. ஒரு படம் இல்லை. என்னத்தைச் சொல்ல? யோசிச்சுப் பாத்தன், எனக்கே அந்த முகம் மறந்து போச்சு. கண்ணாடியில இந்தக் கிழவிதான் வாறாள். அம்மா இல்லை, அப்பா இல்லை, ஒழுங்கைச் சனம் ஆர் எங்கை எண்டு தெரியாது. அந்த முகத்தைத் தெரிஞ்ச ஆள் இப்ப நீங்கள் ஒராள்தான். நீங்களும் போனா நான் அந்த வயசில இருந்ததெண்டே இல்லாமப் போயிடும்."

மீன் பையைத் தொட்டிக்குள் போட்டாள். போட்ட சத்தம் தேவைக்கு அதிகமாகவே இருந்தது.

தயாபரன் பென்சிலைக் கீழே வைத்தார். "ஏலாது, ரஜனி. சத்தியம் செய்து குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"உன்ர அப்பாவுக்கு."

கலியாணத்துக்கு முதல் வெள்ளிக்கிழமை, அப்பா அவரை ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கும்பிடத்தான் என்று இவர் நினைத்துப் போனாராம். அப்பா வாசலில் ஒரு கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு, சத்தியத்துக்கு அதைக் கையால் அடித்து நூர், அணை என்றாராம். "நான் ஆம்பிளை, என்ர மூக்கைப் பாத்து ஊர் சிரிக்கட்டும். என்ர பிள்ளையைப் பாத்து ஒரு சனமும் சிரிக்கக் கூடாது. அவளைக் கீறமாட்டன் எண்டு அடி."

"அடிச்சீங்களோ?"

"அடிக்காட்டி உன்னைத் தரமாட்டன் எண்டிட்டார். நான் என்ன செய்ய? அந்த நேரம் வெள்ளவத்தைக் கடலை நூர் எண்டாலும் நூத்திருப்பன்."

ரஜனி கதிரையை இழுத்து அவருக்கு எதிரே இருந்தாள். இத்தனை வருஷமும் தன் முகத்தில் கோட்டில் பிடிக்க ஒன்றுமில்லை என்று தானே முடிவுகட்டி, அந்த முடிவோடு சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்து வந்தவள் அவள். மனுஷன் வாய் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

"அப்பா செத்து எவ்வளவு காலம்?"

"முருகன் சாகேல்லையே."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்தானே?"

"உன்னட்டைச் சொல்லவும் கூடாதெண்டுதான் பேச்சு."

"இப்ப சொல்லிப்போட்டியள்."

"அது வெறும் வாயால குடுத்தது. கற்பூரம் கீறுறதுக்கு மட்டும்தான்." சொல்லிவிட்டு அவரே தன் சட்டத்தை வியந்து கொஞ்சம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பங்கு போட்டிருக்கிறியள். என்னைப் பாத்து ஊர் சிரிச்சா எனக்குச் சம்மதமோ இல்லையோ எண்டு என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

கீழே மாத்தறை ரயில் கடலோரமாய்ப் போயிற்று. கட்டடம் வழக்கம்போல் ஒருமுறை நடுங்கி நின்றது. ரஜனி கையை நீட்டி அவர் முன்னாலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பென்சிலையும் எடுத்தாள்.

"நான் ஒரு கற்பூரத்திலயும் அடிக்கேல்லை. நான் கீறுறன். நீங்கள் பாத்ததைச் சொல்லுங்கோ."

"உனக்குக் கீறத் தெரியாதே."

"றொட்டி தட்டத் தெரியும். சொல்லுங்கோ."

அவர் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் யன்னலைத் திறப்பதற்கு நேரமே எடுக்கவில்லை.

"முதல் நெத்தி. அகலமாப் போடு. விமானம் இறங்கலாம். இன்னும். ஓம். இடது புருவம் மற்றதை விட மேலை. ஆரும் பொய் சொன்னா அது தனியா மாடிக்கு ஏறும், மற்றது கீழை நிண்டு கூப்பிடும்."

"மூக்கு?"

"அப்பான்ர."

"அம்மான்ர எண்டெல்லே எல்லாரும் சொன்னவை?"

"எல்லாரும் அம்மான்ர கையால உப்புத்தின்ன வந்தவை. அப்பான்ர மூக்கு, ஆனா ஒரு கப்பல்தான் கட்டலாம். காதுக்குக் கீழை ஒரு மறு, அதுக்கு ஒரு மயிர். அதையும் போடு."

"அதையுமோ?"

"அது இல்லாட்டி அது நீயில்லை. பின்னல் கனம், கடையில திரும்பேக்கை பின்னால நிக்கிறவன்ர சாமான் எல்லாம் விழும். கண்ணை நான் சொல்லமாட்டன், அதை நீ போடு."

தாளில் வந்தது முகமா, மரவள்ளிக் கிழங்கா என்று சொல்வது கடினம். கோடு நடுங்கிற்று, ஒரு கண் மற்றதைச் சந்தேகத்தோடு பார்த்தது. ஆனாலும் ரஜனி தலையைச் சரித்து, தோள் வளைத்து, பென்சிலை உலக்கை போலப் பிடித்துக்கொண்டு கீறினாள். எங்கேயோ ஒரு பெண் உப்புப் பொட்டலத்தோடு தன் பக்கம் நடந்து வருவது போலிருந்தது.

"இப்ப உதடு" என்றார் தயாபரன், கண் திறக்காமல். "கீழ் உதடு. பாண் கியூவில நிக்கேக்கை உனக்கு முன்னால ஆரும் பூந்தா, நீ வாய் திறக்க முதல் அந்த உதடு தனியாப் புறப்பட்டுச் சண்டைக்குப் போகும். நான் பின்னால நிண்டு பாத்திருக்கிறன்."

"இவ்வளவோ?"

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். "சீ, காணாது. இன்னும்."

"இவ்வளவு?"

"இன்னும் விடு."

உதடு தாளின் விளிம்புக்கு வந்தது. ரஜனி ஒருகணம் நின்றாள். பிறகு கையெடுக்காமல் அப்படியே கோட்டை வெள்ளை விரிப்பின் மேல் இழுத்துக்கொண்டு போனாள். தயாபரன் அது போகும் வழியில் நின்ற தேத்தண்ணிக் கோப்பையை மெல்லத் தூக்கி அப்பால் வைத்தார்.