பீரோக் கண்ணாடி

வீட்டு ஓனரிடம் சாவியை ஒப்படைக்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியிலிருந்து வந்தவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஃப்ரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்த்தார். கட்டில் காலை ஆட்டிப் பார்த்தார். மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இல்லை என்பதைத் துக்கச் செய்தி போலக் கேட்டுக்கொண்டார். படுக்கையறைக்கு வந்ததும் பீரோவின் முன்னால் நின்றுவிட்டார். அதன் கதவு முழுக்க ஒரே கண்ணாடி, ஆள் உயரத்துக்கும் மேலே.

"இதுக்குத் தனியா மரச்சட்டம் அடிக்கணும்மா. நாலு பேரு வருவாங்க. நாளைக் காலைல வண்டி வேணும்னா மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க."

"சொல்லிடுறோம்," என்றாள் அவள்.

"சொல்ல மாட்டோம்," என்றான் அவள் கணவன், சிரித்துக்கொண்டே. "தப்பா நினைக்காதீங்கண்ணே. கடை கடையா ஏறிக் கண்ணாடி மாட்டுறதுதான் என் பொழப்பே. என் வீட்டுக் கண்ணாடியத் தூக்க நான் ஆள் பிடிச்சேன்னு தெரிஞ்சா, கூட வேலை பார்க்குறவனுங்க என்னை ஓட்டியே கொன்னுடுவானுங்க."

வந்தவரும் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அவனுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் அவள். சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான், தொடுமுன் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் மூடியை அவன் வெறுங்கையால் எடுத்தான். எடுத்தவன் கீழே போடவில்லை. மேஸ்திரியோடு நடந்த ஏதோ சண்டையைச் சொல்லிக்கொண்டே அதைக் கையில் வைத்திருந்து, நிதானமாகத் தொட்டிக்குள் இறக்கினான். மறுநாள் இரண்டு விரல்களில் கொப்புளம். வேலையில் பட்டுவிட்டது என்றான். அதன் பிறகு அவள் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டான். போனை இடது காதுக்கு மாற்றினான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்காதவரை அது வெறும் கொப்புளம். கேட்டுவிட்டால் அவனுடைய தொழில்.

வந்தவர் படியிறங்கிப் போனதும் அவள் ஒரு பொய்யை எடுத்து வைத்தாள். "எனக்கு இடுப்பு பிடிச்சிருக்குங்க. என்னால ஒரு முனைகூடத் தூக்க முடியாது. அவங்களையே வரச் சொல்லிடலாமே."

"உன்னை யாரு தூக்கச் சொன்னா, சயின்டிஸ்ட் அம்மா? உன் தம்பி வரான்ல."

தம்பி என்றால் அவன்தான் கீழ்ப்பக்கம் பிடிப்பான், பின்னால் பார்க்காமல் ஒவ்வொரு படியாக இறங்குவான். போன மாதம்தான் அப்பாவானவன்.

தம்பி பஸ் கண்டக்டர். மாடி ஏறும்போதே அவன் சத்தம் கேட்டது. "படியில நிக்காதீங்க, உள்ள தள்ளுங்க, உள்ள தள்ளுங்க! மாமா, கடைசி ஸ்டாப் எதுங்க?"

"உங்க அக்கா வாய மூடுற இடம்தான் மாப்ள. இன்னும் வரல."

இருவரும் சிரித்துக்கொண்டே படுக்கையறைக்குள் போனார்கள். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். எப்படிச் சொல்வது? உன் மாமா கையை நம்பாதே என்றா? அந்த வாக்கியம் வாய்வரை வந்து திரும்பிப் போனது. சமையலறைக்குப் போய் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து "தூக்கு" என்று குரல் வந்தது. போனை மேடையில் போட்டுவிட்டு ஓடினாள்.

பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடி அவர்களுக்கு நடுவில் நின்றது. இத்தனை நாள் சட்டத்துக்குள் மறைந்திருந்த விளிம்பு, மழுக்காமல் வெட்டியபடியே இருந்தது. தம்பி கையுறை போட்டிருந்தான்.

"உங்களுக்கு, மாமா?"

"எனக்கு வேணாம். அதப் போட்டா பிடி தெரியாது."

படிக்கட்டு குறுகல். தம்பி பின்னோக்கி இறங்கினான். கண்ணாடி தூக்குகிறவர்களின் வழக்கப்படி ஒவ்வொரு படிக்கும் அவள் கணவன் "இருக்கா?" என்றான், "இருக்கு" என்று கீழிருந்து பதில் வந்ததும் அடுத்த படி. அவள் பின்னாலேயே இறங்கினாள், மூச்சு விட்டால்கூட எதையாவது இடித்துவிடுவோம் என்பதுபோல. முதல் திருப்பத்தில் கண்ணாடியைச் சாய்த்தார்கள்.

"இருக்கா?"

பதில் வரவில்லை. தம்பி கண்ணாடியின் மேல் முனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ரத்தம்."

"ஐயையோ! அசையாத, அப்படியே நில்லு. எங்கடா பட்டுச்சு உனக்கு?"

"எனக்கில்ல மாமா."

அவள் கணவன் தலையைத் திருப்பி அவளை மேலும் கீழும் பார்த்தான். முகத்தில் உண்மையான பதற்றம். "உனக்கா? எங்க, காட்டு!"

அவன் வலது உள்ளங்கைக்கு அடியில் விளிம்பு பதிந்திருந்தது. அங்கிருந்துதான் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டு படி இறங்கி, அவன் கைக்குப் பக்கத்தில் கண்ணாடியைப் பிடித்தாள். அது அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"உங்களுக்குத்தாங்க," என்றாள். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "உங்க வலது கையில உணர்ச்சி இல்ல. ரெண்டு மாசமா இல்ல. எனக்குத் தெரியும்."

யாரும் பிடியை விடவில்லை. சாய்ந்திருந்த கண்ணாடியில் படிக்கட்டின் கூரையும் ஒற்றை பல்பும் மட்டும் தெரிந்தன. அவற்றின் குறுக்கே அந்தச் சிவப்புக் கோடு தம்பியின் கையுறையை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.